ஞானக்கனியம்மாளின் பொருத்தனைக் கோழி

செந்தட்டிவிளையில் பேருந்து நிற்கிற இடத்தருகே ஒரு சாப்பாட்டுக் கடை. அதன் கொல்லைப்புறத்தில் எச்சில் பாத்திரம் தேய்த்துப் பிழைத்தவர் ஞானக்கனியம்மாள். சாம்பலிலும் தேங்காய் நாரிலும் கிடந்து அவர் விரல் நகங்கள் கரைந்தே போயின. ஆனாலும் ஞாயிறு காலை முதல் மணி அடிக்குமுன் ஊர் வேதக்கோயிலுக்கு வந்துவிடுவார். தரையைக் கூட்டுவார், குடத்தில் குடிதண்ணீர் வைப்பார், ஆண்கள் பக்கம் பெண்கள் பக்கம் என்று பாய்களை விரிப்பார். கூலி கிடையாது, அவர் கேட்டதும் இல்லை. எல்லாம் முடித்துக் கடைசிப் பாயில், வாசல் தெரிகிற மாதிரி உட்காருவார்.

வாசலைப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. கணவர் போய்ச் சேர்ந்த பிறகு பாத்திரம் தேய்த்தே வளர்த்த ஒரே மகன் எபனேசர். பத்தாம் வகுப்பில் தேறாமல் வீட்டில் சும்மா இருந்தான். ஒருநாள் கடை முதலாளியிடம் ஏச்சு வாங்கி வந்த எரிச்சலில், அம்மாள் சாப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளையைத் "தண்டச்சோறு" என்று சொல்லிவிட்டார். அவன் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போனான். போனவன் போனவன்தான். மும்பையில் கண்டதாக ஒருவர் சொன்னார், சூரத்தில் என்று இன்னொருவர் சொன்னார். பதினோரு வருஷம் ஓடிவிட்டது.

மகன் வந்தால் கோயிலுக்கு ஒரு கோழி என்று அம்மாள் பொருத்தனை பண்ணியிருந்தார். அந்தச் சபையில் ஜெபம் கேட்கப்பட்டவர்கள் எழுந்து சாட்சி சொல்வார்கள். பூசணியோ கருப்பட்டியோ கோழியோ காணிக்கையாக முன்னால் வைப்பார்கள். அம்மாளின் கோழி மட்டும் போனபாடில்லை. ஒன்று கிழடாகிச் சாகும். உடனே இன்னொரு குஞ்சின் காலில் சிவப்பு நூல் கட்டி, இது ஆண்டவருக்கு என்று விடுவார். ஊர் சும்மா இருக்குமா? கோழியாய்ப் பிறந்தால் ஞானக்கனி வீட்டில் பிறக்கவேண்டும், கத்தியே படாது என்று குழாயடியில் சிரித்தார்கள். அம்மாளும் சேர்ந்து சிரித்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பார். ஞாயிறுதோறும் விண்ணப்ப வேளையில் எழுந்து, "என் மவன் எபனேசர் வீடு வந்து சேரணும்" என்பார். சபை ஆமென் சொல்லும். கொட்டாவி விட்டுக்கொண்டே சொன்னவர்களும் உண்டு, ஆனாலும் சொன்னார்கள்.

இப்படி இருக்கையில்தான் சோதனை வந்தது. பசியிலும் கேலியிலும் அசையாதவரைப் பொறாமை வந்து அசைத்தது. அடியாருக்குப் பொறாமையா என்று முகம் சுளிக்காதீர்கள். உள்ளதை உள்ளபடி சொன்னால்தான் அவர் பெருமை விளங்கும்.

அடுத்த தெரு ரோஸ்மலர், கிறிஸ்துமஸுக்கும் அசன விருந்துக்கும் மட்டும் கோயிலை எட்டிப் பார்க்கிறவர். அவர் மகன் டைட்டஸ் திருப்பூருக்கு வேலைக்குப் போன இடத்தில் தகவலே இல்லாமல் போனான். ரோஸ்மலர் அலறியடித்துக்கொண்டு கோயிலுக்கு ஓடி வந்தார். சில வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டங்களில் விழுந்து அழுதார். அவ்வளவுதான், பையன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து இறங்கிவிட்டான்! ஊரே திரண்டு போய்ப் பார்த்தது. ஞானக்கனியம்மாளும் போனார். டைட்டஸ் தாய் கையால் மீன்குழம்புச் சோறு தின்றுகொண்டிருந்தான். அந்தத் தட்டைப் பார்த்ததும் அம்மாளுக்கு வயிறு பற்றி எரிந்தது. இந்தப் பையன் வராமலே போயிருக்கக்கூடாதா என்று ஒரு கணம் நினைத்தே விட்டார். நினைத்த மாத்திரத்தில் தம்மையே வெறுத்து வீடு திரும்பினார்.

வெறுத்தால் மட்டும் போய்விடுமா அது? பண்டிகைக்கு வந்து போகிறவளுக்கு உடனே பதில், வாரந்தவறாமல் பாய் விரித்தவளுக்கு வெறும் வாசலா என்று பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் ஆண்டவரோடு சண்டை பிடித்தார். ரோஸ்மலர் சிரிக்கிற சத்தம் கேட்டால் கதவைச் சாத்தினார். டைட்டஸின் சட்டை கொடியில் காய்ந்தால் அந்தத் தெருவையே விட்டுச் சுற்றிப் போனார். தின்ற சோறு உடம்பில் ஒட்டவில்லை.

சனிக்கிழமை மாலை ரோஸ்மலரே வாசலில் வந்து நின்றார். கெட்ட மனசுக்காரர் அல்ல. சந்தோஷத்தில் கண் தெரியவில்லை.

"மைனி, நாளைக்குச் சாட்சி சொல்லணும். சந்தையில நல்ல கோழி அம்புடல. ஒங்க கோழியத் தாங்களேன், அடுத்த வாரம் வேற வாங்கித் தந்திருதேன்."

அம்மாளின் முகம் கறுத்தது. "என் மவன் வரமாட்டான்னு நீயே முடிவு பண்ணிட்டியா ரோஸு?"

ரோஸ்மலர் வந்த வழியே படியிறங்கினார்.

மறுநாள் அம்மாள் கோயிலுக்குப் போகவில்லை. முதல் மணி அடித்தது, இரண்டாம் மணியும் அடித்தது. ஆண்டவர் வீட்டிலும் இருக்கிறவர்தானே, அவள் சாட்சியைக் கேட்டு வேகவேண்டுமென்று எனக்கு என்ன தலையெழுத்து என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே முழங்காலிட்டார். "என் மவன் எபனேசர் வீடு வந்து சேரணும்" என்றார். சொல்லிவிட்டுப் பழக்கத்தில் ஒரு நொடி நிறுத்தினார். ஆமென் வரவில்லை. முற்றத்துக் கோழி மட்டும் கொக்கரித்தது.

இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தார். சொந்தக் குரலே அவருக்குப் பயமாக இருந்தது. இதை நாம் இன்னும் நம்புகிறோமா என்ற சந்தேகம் வந்தது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது: நம்பிக்கை அற்றுப்போன எத்தனையோ வாரங்களில் இந்த ஜெபத்தைத் தாங்கிப் பிடித்தது தாம் அல்ல, அந்தக் கொட்டாவி ஆமென்கள்தாம். கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் ரோஸ்மலரும் அதில் ஒன்றைச் சொல்லியிருக்கிறார். அதற்குத் தாம் திருப்பிச் சொல்லவேண்டிய ஆமென் ஒன்று இந்நேரம் கோயிலில் காத்துக் கிடக்கிறது.

சிறகடித்து ஓடிய கோழியைப் பிடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தார். பொறாமை போய்விட்டதா என்றால், போகவில்லை. அதையும் இடுக்கிக்கொண்டுதான் போனார்.

கோயிலில் பாய்கள் கோணல்மாணலாய்க் கிடந்தன. ரோஸ்மலர் முன்னால் வெறுங்கையோடு நின்று, சாட்சி சொல்ல வாய் வராமல் அழுதுகொண்டிருந்தார். அம்மாள் நேரே போய்க் கோழியை அவர் கையில் கொடுத்தார்.

"ஒன் மவன் வந்துட்டாம்லா. வையி."

"மைனி, இது எபனுக்கு உள்ளதுல்லா."

"எபனுக்கு வேற வளப்பேன். எனக்கு இன்னும் வயித்தெரிச்சலாத்தான் இருக்கு ரோஸு. ஆனாலும் ஆமென்."

யாரும் சிரிக்கவில்லை. ஆராதனை நடத்திய உபதேசியார் வேதத்தை மூடி வைத்துவிட்டு, எல்லாரும் எபனேசருக்காக முழங்காலிடச் சொன்னார். ரோஸ்மலர் எபனேசரின் பெயரைச் சொல்லிக் கதறினார். டைட்டஸும் தலை குனிந்து முழங்காலிட்டான். அம்மாள் தம் கடைசிப் பாய்க்கு வந்து கண்ணை மூடினார். அப்போது பக்கத்தில் இருக்கிறவர் காதோடு சொல்வதுபோல், அவர் பேசுகிற பேச்சிலேயே ஒரு குரல் கேட்டதாம்: "ஞானக்கனி, நானும் வராத பிள்ளைகளுக்காக வாசலப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். வா, சேந்து பாப்போம்."

கண் திறந்தார். பக்கத்தில் யாரும் இல்லை. அன்றுமுதல் கடைசிப் பாயில் தம் அருகே ஓர் ஆள் இடம் விட்டே உட்கார்ந்தார். அங்கே வேறு யாரையும் உட்கார விட்டதில்லை. வீட்டில் ஒரு புதுக் குஞ்சின் காலில் சிவப்பு நூல் ஏறியது.

மகன் வந்தானா என்று கேட்பீர்கள். அம்மாள் கண் மூடும்வரை வரவில்லை. ஆனால் அவரை அடக்கம்பண்ணிய அடுத்த ஞாயிறு, முதல் மணிக்கு முன்பே ரோஸ்மலர் வந்து பாய்களை விரித்துவைத்திருந்தார். விண்ணப்ப வேளையில் கடைசிப் பாயிலிருந்து எழுந்து, எபனேசர் வீடு வந்து சேரணும் என்றார். சபை ஆமென் என்றது. சிவப்பு நூல் கட்டிய கோழி இப்போது அவர் வீட்டு முற்றத்தில் மேய்கிறது.

வயிறு எரிய எரிய ஆமென் சொன்ன அந்த அம்மையின் விசுவாசம் பெரிது. அவர் விரித்த பாயில் நமக்கும் ஓரமாய் ஓர் இடம் கிடைப்பதாக.