குணபாலன் அடித்த பயோடேட்டா

திருமங்கலம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டைப்பிங் கடை வைத்திருக்கும் குணபாலனுக்கு விரல் பத்தும் ஓடும். வாய் அதைவிட வேகமாக ஓடும். அன்றைக்கு அவரிடம் வந்து மாட்டியவள் பூங்கோதை. மூன்று மணிக்கு ஒரு பெயின்ட் கம்பெனியில் இன்டர்வியூ. பயோடேட்டா இல்லாமல் கேட்டுக்குள்ளேயே விடமாட்டார்கள். ஒன்றேகால் பஸ்ஸை விட்டால் போய்ச் சேரவும் முடியாது. வேதியியல் படித்துவிட்டு ஒரு வருஷமாக வீட்டில் உட்கார்ந்திருப்பவள், கடிகாரத்தில் பன்னிரண்டே முக்காலைப் பார்த்ததும் அவர் மேஜையை ஒட்டி வந்து நின்றாள்.

"அண்ணே, சீக்கிரம்ணே."

"பதறாதம்மா. பழைய ஃபைல் ஒண்ணு கிடக்கு, அது மேலயே உன் விவரத்த ஏத்திடுறேன்."

அதுதான் அவர் வழக்கம். புது ஃபைல் என்று ஒன்றை அவர் திறந்ததே கிடையாது. ஒருத்தர் பயோடேட்டாவை அழித்துத்தான் அடுத்தவருக்கு.

"நான் வைக்கிற மார்ஜின் எப்பேர்ப்பட்டதுன்னு தெரியுமா? போன மாசம் ஒரு கொத்தனாரு, சுவரு நேரா நிக்குதான்னு பாக்குற தூக்குக்குண்ட வீட்லயே விட்டுட்டேன்னு ஓடியாந்தாரு. நான் அடிச்ச பேப்பர் ஒண்ணத்தான் குடுத்தேன். அத வச்சே மாடிச்சுவர எழுப்பிட்டாரு."

ஜெராக்ஸுக்காக நின்றிருந்த ஆட்டோ மரியதாஸ், "சுவரு இன்னும் நிக்குதாண்ணே?" என்றார்.

"நிக்குதாவா! அளந்து பாக்க மதுரைலேருந்து இன்ஜினியருங்க வர்றாங்கய்யா. இன்னொருத்தனுக்குப் பேர போல்டுல போட்டேன். கொரியர்க்காரன் தூக்கிப் பாத்துட்டு, இதுக்கு லாரிதான் புடிக்கணும்னுட்டான்."

"என் பேர சாதாரணமாவே போடுங்கண்ணே. நான் பஸ்ல போகணும்."

குணபாலன் அசரவில்லை. "உசிலம்பட்டிப் பையன் ஒருத்தன். இன்டர்வியூ அன்னைக்கு நல்ல காய்ச்சல். நான் அடிச்ச பயோடேட்டா மட்டும் தபால்ல போச்சு. ஆபீசரு அத நாற்காலில உக்கார வச்சு, கேள்வி கேட்டு, வேலையும் குடுத்துட்டாரு. இன்னைக்கு அங்க அதுதான் மேனேஜரு. அந்தப் பையன் அதுக்குக் கீழ குமாஸ்தா. லீவு வேணும்னா அதுகிட்டத்தான் எழுதிக் குடுக்கணும்."

"லீவு குடுக்குதா?" என்றார் மரியதாஸ்.

"எங்க! கறாரான ஆளுல்ல அது."

பிரின்டர் கரகரவென்று தாளைத் தள்ளியது. மணி ஒன்று ஐந்து. பூங்கோதை அவசரமாகப் படித்துக்கொண்டே வந்தவள், பாதியில் அலறிவிட்டாள்.

"அண்ணே! திருமணம் ஆனவர், குழந்தைகள் ரெண்டுன்னு போட்டிருக்கு! நான் கடைக்குள்ள வந்து இருபது நிமிஷந்தானே ஆச்சு!"

மரியதாஸ் விழுந்து விழுந்து சிரித்தார். குணபாலன் கொஞ்சமும் கூச்சப்படாமல், "பாத்தியா நம்ம கை ராசிய? ஊருல பொண்ணுங்க மாப்பிள்ளைக்கு வருஷக்கணக்கா அலையுதுங்க!" என்றார்.

"விளையாடாதீங்கண்ணே, இது என் பொழப்பு!" அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்ததும் குணபாலன் அந்த வரிகளை அழித்துத் திருத்தி, வேறு தாள் எடுத்துக் கொடுத்தார். அவள் இந்தத் தடவை ஒவ்வொரு வரியாகப் படித்தாள். எல்லாம் சரி. மேலே கண்டவை யாவும் உண்மை என்று உறுதியளிக்கிறேன் என்ற கடைசி வரிக்குக் கீழே, அவர் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

எதிரே பஸ் வந்து நின்றது. வாசலை நோக்கி ஓடியவள், சட்டென்று திரும்பிப் பேனாவை நீட்டினாள்.

"அண்ணே, நீங்க சொன்ன கதைக்கெல்லாம் கீழ இதே மாதிரி ஒரு வரி அடிச்சுக் கையெழுத்துப் போடுவீங்களா?"

குணபாலன் பேனாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உன் கையெழுத்தோட மை தீந்துபோச்சும்மா. நீ பஸ்ஸப் புடி."