மினுங்காத தொம்மை

நண்டுவிளையில் சங்கு குளித்துப் பிழைத்த மூன்று பேருக்கு நீச்சலைக் கடவுள் அள்ளிக் கொடுத்திருந்தார். அள்ளிய களைப்பிலோ என்னவோ, மூளை கொடுக்கும்போது அவர் கை சற்றுச் சுருங்கிவிட்டது. இன்னாசி, தொம்மை, கஸ்பார் என்று பெயர். மூவரில் இன்னாசிதான் புத்திசாலி என்று ஊரில் ஒரு பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவனும் இன்னாசிதான்.

அவர்கள் குளிக்கும் இடம் குதிரைப்பார் என்ற பவளப்பாறை. அதன் தலையில் கல்லைக் கொட்டித் துறைமுகம் கட்ட ஒரு கம்பெனி வந்து நின்றது. அங்கே பவளமெல்லாம் எப்போதோ செத்துவிட்டது என்று அனுமதி தரும் அதிகாரிக்கு எழுதியும் கொடுத்துவிட்டது. பார் போனால் மூன்று வீட்டு அடுப்பிலும் பூனை தூங்கும். இன்னாசிக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

கடல் ஆராய்ச்சி செய்யும் மதிவதனி மேடம்தான் வழி சொன்னார். பவளம் உயிரோடு இருப்பதைப் படம் பிடித்து வெள்ளிக்கிழமை அதிகாரியிடம் காட்டிவிட்டால் போதும். ஆனால் வியாழக்கிழமை மேடத்துக்குக் காதில் சீழ் வைத்துவிட்டது. தண்ணீரில் இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட, அவர் சாமான்களை இவர்கள் முன் பரப்பினார்.

"இது நீல விளக்கு. பவளத்து மேல அடிங்க. உயிர் இருந்தா பச்சையா மினுங்கும், செத்திருந்தா மினுங்காது. இந்த மஞ்சள் கண்ணாடியை கேமராவுக்கு முன்னாலயும் உங்க கண்ணுக்கு முன்னாலயும் மாட்டிக்கணும். அது நீலத்தைத் தடுத்துட்டு, மினுங்குறதை மட்டும் காட்டும். பொழுது சாஞ்சப்புறம் எடுங்க, வேற வெளிச்சம் ஆகாது. கேமராப் பெட்டியோட ரப்பர் வளையத்துல ஒரு முடி ஒட்டியிருந்தாலும் தண்ணி உள்ள போயிரும். அளவு தெரியணும், அதனால பக்கத்துல எதையாவது வெச்சு எடுங்க."

இன்னாசி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். தலையாட்டுவதில் அவனை மிஞ்ச அந்தக் கரையில் ஆள் கிடையாது.

"ஒரு முடியே ஆகாதாம்லே. நம்ம மூணு பேர் தலையிலயும் எத்தன கெடக்கு?" என்றான் வெளியே வந்ததும்.

கஸ்பார் தொம்மையின் தலையை எண்ணத் தொடங்கினான். காது வரைக்கும் வந்தபோது கணக்கு விட்டுப்போயிற்று. எதற்கு வம்பு என்று மூவரும் சலூனுக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டார்கள். மீசையும் போயிற்று, புருவமும் போயிற்று.

"என்னடே, வேளாங்கண்ணிக்கு நேர்ச்சையா?" என்று தெருவில் கேட்டார்கள்.

"இல்ல, கேமராவுக்கு."

அடுத்தது வெளிச்சம். கலங்கரை விளக்கத்துக்குப் போய், ஒரு மணி நேரம் அணைத்து வைக்கும்படி பணிவாகக் கேட்டார்கள். அங்கிருந்தவர் விளக்குமாற்றை எடுத்தார். கடற்கரைக்கு ஓடி வந்து பார்த்தால் வானத்தில் பிறை நிலா.

"அத என்னலே செய்ய?" என்றான் தொம்மை.

இன்னாசி வெகுநேரம் யோசித்தான். "அது மேடத்துக்கிட்ட சொல்லாம வந்தது. நம்ம பொறுப்புல வராது."

துடுப்பு வள்ளத்தைப் பாருக்கு மேலே நிறுத்திவிட்டு மூவரும் மூச்சடக்கி இறங்கினார்கள். கஸ்பார் விளக்கை அடித்தான். இருபது வருஷம் தடவித் திரிந்த குதிரைப்பார், கிளை கிளையாகப் பச்சைப் பசேலென்று எரிந்தது. தன் பார் உயிரோடு இருக்கிறது என்று கண்டதும் இன்னாசிக்கு மஞ்சள் கண்ணாடிக்குள்ளேயே அழுகை வந்துவிட்டது. அளவுக்காகப் பவளத்தின் பக்கத்தில் தொம்மை நீட்டி நிமிர்ந்து படுத்துக்கொள்ள, இன்னாசி படம் பிடித்தான்.

அப்போதுதான் கவனித்தான். பவளம் மினுங்குகிறது. தொம்மை மினுங்கவில்லை.

மேலே வந்ததும் விஷயத்தை எப்படிச் சொல்வது என்று இன்னாசிக்குத் தெரியவில்லை. எத்தனை நேரம்தான் மறைப்பது? சொல்லிவிட்டான்.

தொம்மை வள்ளத்தில் மெல்ல உட்கார்ந்தான். "நான் எப்பம்லே செத்தேன்?"

"காலையில நல்லாத்தான இருந்தே?" என்றான் இன்னாசி.

"இல்ல மாப்ள. காலையில பழையது ருசிக்கவே இல்ல. அப்பமே ஒரு மாதிரிதான் இருந்திச்சு."

"மூச்சு விடுதானேலே?" என்றான் கஸ்பார்.

"கீழ கெடக்கும்போது விட்டானா?" என்று இன்னாசி மடக்கினான்.

"அப்பம் நான் துடுப்பு போடலாமா, கூடாதா?"

"இன்னைக்கு ஒரு நாள் போட்டுரு. நாளையிலருந்து வேண்டாம்."

வெள்ளிக்கிழமை மேடம் மூவரையும் கூட்டிப்போய்க் காட்ட, அதிகாரி படத்தைப் பார்த்தார். பச்சையாக எரியும் பவளம், அதன் பக்கத்தில் ஐந்தரை அடிக்கு ஒரு கருத்த மொட்டை. "இவ்வளவு பெரிய உயிர்ப்பவளமா!" என்று வியந்தவர், குதிரைப்பாரில் ஒரு கல் விழக்கூடாது என்று அங்கேயே உத்தரவு எழுதிக் கையெழுத்துப் போட்டார். இன்னாசிக்கு நாலு நாள் பசி ஒன்றாக வந்தது.

"படத்துல இருக்கறவரும் சாட்சிக் கையெழுத்து போடட்டும்" என்றார் அதிகாரி.

தொம்மை கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "மன்னிக்கணும் ஐயா. நான் நேத்தே காலமாயிட்டேன்."

அதிகாரி சிரித்தார். அவருக்குப் புரியவைக்க வேண்டுமே என்று இன்னாசி மஞ்சள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நீல விளக்கைத் தொம்மை மேல் அடித்தான். அப்படியே கை தவறி அதிகாரி மேலும் அடித்தான். அவரும் மினுங்கவில்லை. கிளார்க் மினுங்கவில்லை. பாவம், மேடமும் மினுங்கவில்லை.

மூவரும் யாரையும் பதற வைக்காமல் உத்தரவை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். நல்லவேளை, நகல் ஒன்று மேடத்தின் பையில் இருந்தது.

"செத்தவரு போட்ட கையெழுத்து செல்லுமாலே?" என்றான் கஸ்பார்.

"செல்லாது. உயிர் இருக்குன்னு ருசுவானது ஒண்ணே ஒண்ணுதான். அதுகிட்டதான் வாங்கணும்" என்றான் இன்னாசி.

அன்று சாயங்காலமே உத்தரவையும் ஒரு மை டப்பாவையும் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு, குதிரைப்பாரிடம் கைநாட்டு வாங்கப் புறப்பட்டார்கள். பாருக்கு நேர்மேலே வந்ததும் கஸ்பாருக்குச் சந்தேகம்.

"கிளை ஆயிரம் இருக்கே, இதுல இடது கைப் பெருவெரல் எதுலே?"

இன்னாசியே திகைத்துப்போனான். தொம்மைதான் மை டப்பாவை வாங்கிக்கொண்டான்.

"எல்லாத்துலயும் வாங்கிருதேன். நான்தான் செத்துட்டேன்லா, எனக்கு என்ன அவசரம்?"