லுவோவின் கப்பலும் மெங்லானின் எஞ்சினும்

“என் கப்பலைக் கெடுத்துவிட்டார்கள், ஆசிரியரே.”

மரத்தில் செதுக்கிய மாதிரிக் கப்பலை மேசைமேல் வைத்தான் லுவோ. சீனக் கடற்படைக்குப் போர்க்கப்பல் வடிவமைக்கிறவன். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அவனுக்கு அந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர் வென்.

“யார் கெடுத்தது?”

“எஞ்சின் செய்கிறவர்கள். வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய எஞ்சின் வராதாம். இங்கே செய்கிற எஞ்சினுக்கு இவ்வளவு அகலமான கப்பலைத் தள்ள வலு போதாதாம். வேகம் குறையக் கூடாது, கப்பலை ஒடுக்கமாக்கு என்கிறார்கள்.”

“ஒடுக்கமாக்கினால்?”

“தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும். ஆனால் அலையில் இப்படியும் அப்படியும் உருளும். பெரிய புயலில் கவிழ்ந்தாலும் கவிழும். உள்ளே இருப்பவர்கள் எல்லாம் சின்னப் பையன்கள், ஆசிரியரே.”

அவன் மாதிரிக் கப்பலை விரலால் ஒரு பக்கமாகச் சாய்த்தான்.

“அந்த மாற்றத்துக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். வேலையை விடப்போகிறேன்.”

வென் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார்.

“கப்பலை எடுத்துக்கொண்டு வா.”

இருவரும் பேருந்து ஏறி, எஞ்சின் தொழிற்சாலைக்குப் போனார்கள். லுவோ அங்கே வருவது அதுதான் முதல் தடவை.

சோதனைக்கூடத்தின் சுவர்கள் அதிர்ந்துகொண்டிருந்தன. உள்ளே எஞ்சின் அலறியது. அலறல் ஏறிக்கொண்டே போய், படீரென்று ஏதோ முறிகிற சத்தம் கேட்டது.

பிறகு அமைதி.

ஒரு பெண் வெளியே வந்து, காதை மூடியிருந்ததைக் கழற்றினாள். எஞ்சினுக்குப் பொறுப்பாளர், பெயர் மெங்லான்.

“மறுபடியும் உள்ளே சுழல்கிற தகடு உடைந்துவிட்டது” என்று சொல்லிக்கொண்டே ஒரு மரப்பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள்.

லுவோவால் அடக்க முடியவில்லை. “நான்தான் இந்தக் கப்பலை வரைந்தவன். மற்றவர்கள் செய்வதை உங்களால் ஏன் செய்ய முடியவில்லை?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“நீங்கள் கேட்ட வலுவை எஞ்சின் இப்போது கொடுத்ததே. கொஞ்ச நேரம்தான். நடுக்கடலில் இப்படி உடைந்தால் கப்பலில் இருக்கிற பையன்கள் எப்படி வீடு திரும்புவார்கள்?”

லுவோ குனிந்து கையிலிருந்த கப்பலைப் பார்த்தான்.

வென் அவன் கையிலிருந்த மாதிரிக் கப்பலை வாங்கி அவள் மடியில் வைத்தார்.

மெங்லான் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டாள். கப்பலின் பக்கவாட்டில் மெல்ல விரலை ஓட்டினாள்.

“இதற்காகத்தானா?”

“இதற்காகத்தான்.”

“எனக்கு வெறும் எண்களைத்தான் அனுப்பினார்கள். இவ்வளவு அழகாக இருக்கும் என்று யாருமே சொல்லவில்லை.” அவள் கண் கலங்கியது. “என் எஞ்சின் இதில் எங்கே இருக்கும்?”

லுவோ அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, இடத்தைக் காட்டினான். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டான்.

“உடையாமல் எவ்வளவு வலு தரும்?”

அவள் சொன்னாள்.

அவன் ஒரு சுண்ணக்கட்டி கேட்டு வாங்கினான். சிமெண்டுத் தரையில் முதலில் எஞ்சினை வரைந்தான். அதைச் சுற்றிக் கப்பலை இழுத்தான். முன்பைவிட ஒடுக்கமாக, நீளமாக. பாதியில் கை நின்றது.

“ஆசிரியரே, இது உருளுமே. மேலே இருக்கிற பாரத்தைக் குறைப்பதா? இல்லை, வேகத்தையே கொஞ்சம் விட்டுக்கொடுக்கச் சொல்வதா?”

“என்னை ஏன் கேட்கிறாய்?” என்றார் வென்.

லுவோ மெங்லான் பக்கம் திரும்பினான். பிறகு சுண்ணக்கட்டியை இரண்டாக ஒடித்து, ஒரு துண்டை மெங்லானிடம் நீட்டினான்.