ரென் குருவி கொடுத்த பெயர்

அந்தக் காலத்தில் பறவைகளுக்கெல்லாம் பேச வாய் இருந்தது. இங்கிலாந்துக்காரர்களுக்குத்தான் பாவம், ஆளுக்கு ஒரு பெயருக்கு மேல் கிடையாது. ஒரே ஊரில் மூன்று எட்மண்டுகள் இருந்தார்கள். ஒருவனைக் கூப்பிட்டால் மூன்று தலைகள் திரும்பும்.

அவர்களில் ஒருவன் பிரபுவின் மாளிகை வாசலில் காவல்காரன். பிரபு கொடுத்த சிவப்புக் கம்பளிக் கோட்டைப் போடாமல் வாசலில் நின்றால் வேலை போய்விடும். ஒரு வசந்தத்தில் பிரபு வெளியூர் போனார். எட்மண்ட் கோட்டைக் கழற்றிக் கொட்டகை ஆணியில் மாட்டிவிட்டுச் சொந்தத் தோட்டத்தைக் கவனிக்கப் போய்விட்டான். பிரபு திரும்பி வருகிறார் என்று சேதி வந்ததும் கோட்டை எடுக்க ஓடினான்.

கோட்டின் கைக்குள் என்னவோ சரசரத்தது. எதையும் எட்டிப் பார்க்காமல் இருக்க முடியாத ஆள் அவன், பார்த்தான். உள்ளே பாசியாலும் இறகாலும் ஒரு கூடு. அதில் கட்டைவிரல் பருமனில் ஒரு ரென் குருவி.

"அண்ணே, கோட்டை உதறிடாதீங்க. உள்ள முட்டை இருக்கு."

"இது இல்லாமப் போனா என் பொழப்பே போயிடும், தாயி. அதுல உயிர் இருக்குன்னு என்ன நிச்சயம்?"

"காதை வச்சுக் கேளுங்க."

வைத்தான். முட்டையோட்டைக் குஞ்சு உள்ளிருந்து கொத்தும் சத்தம் மெல்லக் கேட்டது. அதற்குப் பிறகு கோட்டை உதற அவனுக்கு மனம் வரவில்லை. வெறும் சட்டையோடு போய் வாசலில் நின்றான்.

"கோட்டு எங்கடா?" என்றார் பிரபு.

"அதுல ரென் குருவி குஞ்சு பொரிக்குதுங்க."

பிரபுவை வரவேற்க வந்திருந்த கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பிரபு சிரிக்கவில்லை. அங்கேயே அவனை வேலையிலிருந்து துரத்திவிட்டார். அன்று மாலைக்குள் ஊரே அவனை "எட்மண்ட் ரென்" என்று கூப்பிட்டுக் கேலி செய்தது. கொட்டகைக்குள் போய் அழுதான்.

"என்னாலதானே உங்களுக்கு இந்தக் கதி," என்றது குருவி. "கொடுக்க என்கிட்ட வேற எதுவும் இல்லை. அவங்க கேலிக்குச் சொன்ன பேரை நான் மனசாரக் கொடுக்கிறேன். நீங்களும் உங்க பிள்ளைங்களும் வச்சுக்கங்க."

மறுவருடம் அவனுக்கு மகள் பிறந்தாள். ஞானஸ்நானத்தின்போது பாதிரியார், "எந்த எட்மண்டின் பிள்ளை?" என்று கேட்டார்.

"எட்மண்ட் ரென்னோட பிள்ளை. இவளும் ரென்தான்," என்றான் அவன், மாதா கோயில் முழுக்கக் கேட்கும்படி. இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை.

இங்கிலாந்தில் அப்பனின் பின்பெயர் பிள்ளைக்குச் சொத்தாகப் போகத் தொடங்கியது அன்றைக்குத்தான். ஜன்னலில் உட்கார்ந்து அதைக் கேட்ட ரென் குருவி, பெருமை தாங்காமல் வாலைத் தூக்கியது. இன்றுவரை எந்த ரென் குருவியும் அதைக் கீழே இறக்கவில்லை.