டச்சுக்காரன் அளந்த கடல்

தூத்துக்குடி உப்பள முதலாளி ஞானதுரைக்குப் பழைய டச்சுக் கடல் வரைபடங்கள் என்றால் உயிர். வெளிக்கடலில் நின்ற கப்பலிலிருந்து அப்படி ஒன்றை வாங்கிவர, பேய்க்காற்று அடித்த நாளில், வேலைக்காரி செலஸ்தீனாவின் மகன் ராயப்பனை வள்ளத்தில் அனுப்பினார். "படம் நனைஞ்சா என் மூஞ்சியிலேயே முழிக்காதே!"

படத்தை வைத்திருந்த தகரக் குழல் மிதந்து வந்து கரை ஒதுங்கியது. உள்ளே ஒரு சொட்டு ஈரமில்லை. ராயப்பன் வரவில்லை.

முதலாளியோ படத்துக்குச் சட்டம் போட்டு மாட்டி, விருந்தும் வைத்தார்.

"டச்சுக்காரன் நம்ம கடலோட ஆழம் பூராவும் அளந்து இதுல குறிச்சிட்டான். இதுல இல்லாத ஒரு ஆழத்தைக் கேளுங்க, படத்தையே கழட்டித் தாரேன்!"

காப்பித் தட்டோடு நின்ற செலஸ்தீனா, "நான் கேக்கலாமா மொதலாளி?" என்றாள்.

"கேளேன்!" என்று சிரித்தார்.

"எம்புள்ள கெடக்க எடத்துல எவ்வளவு ஆழம்?"

முதலாளியின் விரல் படத்தின் மேல் அலைந்துவிட்டுக் கீழே இறங்கியது.

"எந்தப் புள்ள?" என்றார் ஒரு விருந்தாளி.

"இந்தப் படத்தை வாங்கப் போனவன்யா" என்றாள் செலஸ்தீனா.

அதற்குப் பிறகு யாரும் காப்பியைத் தொடவில்லை. சபையில் சொன்ன சொல்லாயிற்றே, முதலாளி படத்தைக் கழற்றினார்.

"லட்சக்கணக்குல விலை. இதை வச்சு என்ன செய்வே?"

"பொதைப்பேன். உடம்பு கெடைக்கலன்னா அவன் தொட்ட பொருளைத்தானே பெட்டியில வைப்போம்? குழலைக் கரையில நான்தான் அவுத்தேன் மொதலாளி. வள்ளத்துல இருந்த ஒத்த மிதவையை, எம்புள்ள தன் இடுப்புல கட்டிக்காம அதுலதான் கட்டியிருந்தான்."