சடைச்சியோட கரித்துணி

ஒரு ஊர்ல ஒரு ராசா இருந்தானாம். பேருக்குத்தான் அவன் ராசா, நெசத்துல அவன் நாக்குதான் நாட்டை ஆண்டுச்சு. அந்த நாக்குக்கு ஆக்கிப் போடுறவ பேரு சடைச்சி. வெண்கலப்பானை, அகப்பை, அருவாமனை, அம்மி, இதுதான் அவ சொத்து, இதுதான் அவ சொந்தம்.

மந்திரியோட மச்சினன் சோலையப்பனுக்கு அந்த அரண்மனை அடுப்படி மேல ஒரு கண்ணு. ருசி பாக்குற சாக்குல நாள் பூரா திங்கலாமே! அவன் போய், "சடைச்சிய விட நான் நல்லா ஆக்குவேன்"னு ராசா காதுல ஓத, ராசாவும், "நாளைக்கு ரெண்டு பேரும் சொந்தச் சாமானோட வந்து சக்கரப்பொங்கல் வைங்க. உச்சிப்பொழுதுக்குள்ள என் எலையில பொங்கல் விழணும். தோத்தவங்க ஊரை விட்டே போயிரணும்"னு சொல்லிட்டான்.

மறுநா காலையில சடைச்சி குளிக்க ஆத்துக்குப் போனா. போனதும் சோலையப்பன் பூனை மாதிரி அவ வீட்டுக்குள்ள வந்தான். பானையத் தூக்குனான், அகப்பையத் தூக்குனான், அருவாமனையத் தூக்குனான், மூச்சு முட்ட முட்ட அம்மியையும் தூக்குனான். மூலையில கரித்துணி கெடந்துச்சு. அதாம்ல, சுடுபானைய எறக்குறப்போ பிடிச்சுக்குற கந்தல். அதை ரெண்டு வெரல்ல எடுத்து, "ச்சீ, கருமம்!"னு வீசிட்டுப் போயிட்டான்.

சடைச்சி வந்து பாத்தா வீட்டு அடுப்படி வெறிச்சோடிக் கெடக்கு. "ஐயோ, ஊரை விட்டு நான் எங்க போவேன்!"னு அழுதா, அழுதா, அழுது மூக்கைத் தொடைக்கக் கரித்துணிய எடுத்தா. எடுத்தவ அப்படியே நின்னா. அப்புறம் மூஞ்சியெல்லாம் கரியோட சிரிச்சா பாரு ஒரு சிரிப்பு! துணிய இடுப்புல சொருகிட்டு அரண்மனைக்கு நடந்தா.

அங்க சோலையப்பன் கிண்டுற கிண்டுல பொங்கல் கமகமங்குது. பானைக்குத்தான் பழக்கமாச்சே! சடைச்சி, "ராசா, அது என் பானை"ன்னா. "பானைன்னா எல்லாப் பானையும் ஒண்ணு போலத்தான் இருக்கும். சாட்சி உண்டா?"ன்னான் அவன். ராசா எலைக்கு முன்னால உக்காந்து, "சண்டை அப்புறம், பொங்கலை எறக்கு!"ன்னான்.

சோலையப்பன் கையால பிடிச்சான், "ஆத்தாடி!"ன்னு குதிச்சான். வாழை எலையால பிடிச்சான், எலை சுருண்டுச்சு, "ஆத்தாடி!"ன்னு குதிச்சான். பட்டுத் தலப்பாவால பிடிச்சான், தலப்பாவுல தீப்பிடிச்சுச்சு, "ஆத்தாடி ஆத்தா!"ன்னு அரண்மனையச் சுத்தி ஓடுனான். ஏய், சிரிக்காமக் கேளுங்க! விறகை உருவியும் தணல் அடங்கல, அடி தீயுற வாசம் வருது, ராசாவுக்கு அழுகையே வந்திருச்சு.

சடைச்சி கேட்டா, "ராசா, தெனம் பானை எறக்குறவன் வீட்டுல கரித்துணி இருக்காதா? பானை இவனோடதுன்னா, பிடிதுணி எங்க?"

ராசா சோலையப்பனைப் பாத்தான். சோலையப்பன் கொப்புளம் போட்ட கையப் பாத்தான். "எடுத்தது நான்தான் ராசா, மொதல்ல அதை எறக்கச் சொல்லுங்க!"ன்னு கத்திட்டான்.

சடைச்சி இடுப்புத் துணிய உருவுனா, பானைய ஒரே மூச்சுல எறக்குனா, ராசா எலையில பொங்கல் விழுந்துச்சு. அடியில கொஞ்சம் தீஞ்சதுதான், அதுகூட ருசியா இருக்குன்னு தின்னான் அந்த நாக்குக்காரன்.

அரண்மனை அடுப்படி சடைச்சிக்கே நெலைச்சுச்சு. "தோத்தவன் போகட்டும்"னான் ராசா. "போறதுக்கு முன்னால பானை தேய்ச்சிட்டுப் போகட்டும்"னா சடைச்சி. அந்தத் தீஞ்ச அடி இன்னும் போகலியாம், கொப்புளக் கையோட சொரண்டிக்கிட்டே இருக்கானாம்.

பானையும் எறங்கியாச்சு, கதையும் எறங்கியாச்சு. சூடா இருக்கு, ஊதி ஊதித் தின்னுங்க.