படித்துறைச் சந்துக்குச் சுவர் எழுப்பிய கதை

வெகு காலத்துக்கு முன்னால், ஆற்றங்கரையில் இருந்த வெண்ணாவல் பட்டணத்தை வீரகேசரி என்றொரு ராஜா ஆண்டுகொண்டிருந்தான். கெட்டவன் இல்லை. ஆனால் மனசு ஒரு நிலையில் நிற்காது. சந்தோஷமாக இருந்தால் யார் எதைக் கேட்டாலும் தூக்கிக் கொடுத்துவிடுவான். மறுநாள் அதை நினைத்து எல்லார்மேலும் எரிந்து விழுவான்.

இந்தக் குணத்தை நன்றாகத் தெரிந்துவைத்திருந்தவர் களஞ்சிய அதிகாரி மழவராயர். அவருக்கு அடுத்தடுத்து இரண்டு மாளிகைகள். இரண்டுக்கும் நடுவில் படித்துறைச் சந்து. நெசவாளர் தெருவிலிருந்து ஆற்றுக்குப் போகும் குறுக்கு வழி அது. அமைச்சர் இளநாகர் வீட்டில் ஒரு பூந்தோட்டம் இருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் மழவராயருக்கு வயிறு எரியும். அந்தக் குறுக்கு வழியை அடைத்துவிட்டால் அதைவிடப் பெரிய தோட்டம் போடலாம் என்று கணக்குப் போட்டார்.

ஒருநாள் ராஜாவின் சேவல் சண்டையில் ஜெயித்தது. சபையில் ராஜா சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். மழவராயர் மெதுவாக எழுந்தார்.

"மகாராஜா, என் வீட்டுப் பக்கம் ஒரு சந்து இருக்கிறது. யாருக்கும் பிரயோஜனமில்லை. நாய்தான் படுத்துக் கிடக்கிறது. அதை எனக்குக் கொடுத்தால் தோட்டம் போட்டு ஊரை அழகாக்குவேன்."

"நாய் படுக்கும் இடம்தானே? எடுத்துக்கொள்ளும்!" என்றான் ராஜா.

இளநாகர் குறுக்கிட்டார். "அரசே, வழியை மூடுவதற்கு முன் தண்டோரா போட்டு ஊரைக் கேட்பது வழக்கம்."

"போட்டாயிற்று! ஒருவரும் ஆட்சேபம் சொல்லவில்லை" என்றார் மழவராயர்.

"எங்கே போட்டீர்?"

"அரண்மனை வாசலில்."

"அரண்மனை வாசலில் போட்டால் நெசவாளர் தெருவில் எப்படிக் கேட்கும்?"

மழவராயர் முகம் சிவந்தது. "பார்த்தீர்களா மகாராஜா! எனக்கு ஒரு நல்லது நடந்தால் அமைச்சருக்குப் பொறுக்காது."

ராஜாவுக்குச் சலிப்பு வந்துவிட்டது. "கொடுத்தது கொடுத்ததுதான் அமைச்சரே. இனி அதைப் பற்றிப் பேச வேண்டாம்."

"சரி அரசே. ஒரு நிபந்தனை மட்டும் போட அனுமதி கொடுங்கள். தப்பித்தவறி யாராவது ஆற்றுக்குப் போக வந்தால், மழவராயர் தம் வீட்டு முன்வாசலில் விட்டுப் பின்வாசலில் அனுப்ப வேண்டும். மறுக்கக் கூடாது."

மழவராயர் வாய்விட்டுச் சிரித்தார். யாருமே போகாத வழி என்று சபை நடுவே சொல்லியாயிற்று. இப்போது தயங்கினால் சொன்னது பொய்யாகிவிடும். "அதற்கென்ன, தாராளமாக வரட்டும்!" என்றார். ராஜாவும் தலையாட்டினான். அது அரச ஆணையாயிற்று.

சந்தின் இரண்டு முனையிலும் சுவர் எழுந்தது. தோட்டத்துக்கு வேலை ஆரம்பித்த சந்தோஷத்தில் மழவராயர் ராஜாவை விருந்துக்கு அழைத்தார். விருந்தன்று காலையில் இளநாகர் ஒரே ஒரு காரியம் செய்தார். தண்டோராக்காரனை நெசவாளர் தெருவுக்கே அனுப்பினார்.

"சந்து மூடியாச்சு! ஆத்துக்குப் போறவங்க எல்லாரும் மழவராயர் வீட்டுக்குள்ளே புகுந்து போகலாம்! ராஜா உத்தரவு!"

கூடத்தில் ராஜாவுக்கும் அமைச்சருக்கும் இலை போட்டிருந்தது. முதல் கவளத்தை எடுக்கும்போது குடமேந்திய பெண்கள் வரிசையாக உள்ளே வந்தார்கள். ராஜாவைக் கண்டதும் பயந்து ஒதுங்கிக் கும்பிட்டுவிட்டுப் பின்வாசலுக்குப் போனார்கள். அடுத்து, நூல் அலசப் போகும் நெசவாளர்கள் சொட்டச் சொட்டச் சாயத்தோடு கூடத்தைக் கடந்தார்கள். வெள்ளைத் தரையெல்லாம் நீலம். பிறகு ஒரு வண்ணான், பொதி சுமந்த கழுதையோடு வந்தான். கழுதை நடு முற்றத்தில் நின்று, கத்தி, மற்றதையும் செய்துவிட்டுப் போயிற்று.

"யார் இவர்கள்?" என்றான் ராஜா.

மழவராயருக்கு வியர்த்தது. "இன்றைக்கு ஏதோ... தற்செயலாக..."

அப்போது பின்வாசல் வழியாக ஒரு கிழவி மூச்சு வாங்க ஓடிவந்தாள். அக்கரையில் குடியிருக்கும் மருத்துவச்சி சடைச்சி. ராஜா உட்கார்ந்திருப்பதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

"காலை மடக்குங்க சாமி! நெசவாளர் தெரு வேலப்பன் பெண்டாட்டிக்கு வலி கண்டுருச்சு. பிள்ளை குறுக்கே கிடக்குதாம்!"

ராஜா சட்டென்று காலை மடக்கினான். அவள் இலையைத் தாண்டி ஓடினாள்.

ராஜா கையை உதறிவிட்டு எழுந்தான். "இந்த வீட்டிலும் வழி இல்லையென்றால் இவள் எப்படிப் போவாள்?"

"கோட்டைச் சுவரைச் சுற்றிப் போக வேண்டும்" என்றார் இளநாகர். "அதற்குள் அங்கே என்ன வேண்டுமானாலும் ஆகியிருக்கும்."

ராஜா இலைமுன் மறுபடி உட்காரவில்லை. வாசலிலேயே நின்றான். வெகுநேரம் கழித்து நெசவாளர் தெருவிலிருந்து ஆள் வந்து, தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள் என்று சொன்ன பிறகுதான் மழவராயரைத் திரும்பிப் பார்த்தான்.

"நாய் படுக்கும் இடம் என்றீரே!"

மழவராயர் தலை குனிந்தார்.

"நீர் பொய் சொன்னீர். நான் போய்ப் பார்க்காமலே கொடுத்தேன். என்னுடையதாக இருந்தால்தானே கொடுப்பதற்கு? சுவரை இடியும். அந்தச் செங்கல்லையே சந்தில் பாவும். ஆள் வைக்கக் கூடாது, உம் கையாலேயே பாவ வேண்டும்."

களஞ்சிய அதிகாரி முட்டி போட்டுக் கல் பதிப்பதைப் பார்க்க அந்தச் சந்தில் என்றைக்கும் இல்லாத கூட்டம். இளநாகருக்கு ராஜா தன் முத்துமாலையைக் கழற்றிப் போட்டான். இனி எந்தத் தெருவை மூடுவதென்றாலும் முதலில் அந்தத் தெருவிலேயே தண்டோரா போட வேண்டும், பிறகு ராஜாவே ஒரு பகல் முழுக்க அங்கே நின்று பார்க்க வேண்டும் என்று சட்டம் செய்தான்.

அடுத்த வருஷம் பழைய தோணித்துறைத் தெருவை மூடக் கேட்டு ஒரு விண்ணப்பம் வந்தது. ஆறு விலகிப்போனதால் அங்கே தோணியும் இல்லை, ஆளும் இல்லை. ராஜா காலையிலேயே போய்க் குடையின்கீழ் நின்றான். வெயில் ஏறி இறங்கியது. ஒரு வெள்ளாடு மட்டும் வந்து, அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போயிற்று.

"அமைச்சரே, இதை மூடினால் அந்த ஆடு என்ன செய்யும்?" என்று கவலையோடு கேட்டான்.

"சுவரேறிக் குதித்துவிடும், அரசே."

"அப்படியானால் மூடலாம்" என்று சொல்லிவிட்டு ராஜா சாப்பிடப் போனான்.